உச்சிமாகாளி எண்ணாமல் விட்ட சுற்று

லோடு வண்டிச் சங்கத்தின் கடிதம் ஜூலை எட்டாம் தேதி பிற்பகல் மூன்று மணிக்குப் பட்டறைக்கு வந்தது. கொண்டுவந்த ஸ்டாண்டுக் காவலாளி அதை நீட்டும்போது உச்சிமாகாளியின் முகத்தைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த பஞ்சர் கடையில் ஏதோ அதிசயம் நடப்பதுபோல் அங்கேயே கண்ணை வைத்திருந்தார்.

கடிதம் நாலே வரி. உச்சிமாகாளியின் பட்டறையில் பூட்டப்பட்ட கிரவுன் பல்சக்கரம் காரணமாக உறுப்பினர் பாண்டியராஜனின் வண்டி புளியரை மலை இறக்கத்தில் விபத்துக்குள்ளாகி ஓட்டுநர் ஜெபசிங்கின் கால் முறிந்திருப்பதால், வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு ஸ்டாண்டுக்கு நேரில் வந்து விளக்கம் தர வேண்டும். விளக்கம் திருப்தி தராவிட்டால், உறுப்பினர் எவருடைய வண்டியும் இனி அந்தப் பட்டறைக்குப் போகாது.

சங்கரன்கோவிலில் சங்கத்து வண்டிகள் அறுபத்து மூன்று. உச்சிமாகாளியின் கைக்கு வரும் பத்து வண்டிகளில் ஒன்பது சங்கத்து வண்டிகள். அந்த நாலு வரியின் பொருளை அவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் கையைத் துடைத்தார். கடிதத்தின் மூலையில் தேதியையும் நேரத்தையும் எழுதினார். இரண்டு துளையிட்டுக் கோப்பில் சேர்த்தார்.

எல்லாவற்றையும் கோப்பில் சேர்க்கும் பழக்கம் அவருக்குப் பிறவிக்குணம் அன்று. குருவிகுளத்துக்கு மேற்கே, மழையை நம்பிய கரிசல் காட்டில் ஆடு மேய்த்த குடும்பம் அது. அவ்வீட்டில் இருந்த ஒரே காகிதம் ரேஷன் அட்டை. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, பத்தொன்பதாம் வயதில் கோவில்பட்டியில் ஒரு பட்டறையில் சேர்ந்தார். ஏழாம் மாதம் அங்கே ஒரு ஜோடி புதிய பேரிங் காணாமற்போனது. கடைசியாகப் பெட்டியைத் திறந்தவன் யார் என்ற கேள்விக்கு எல்லா விரல்களும் அவரைக் காட்டின. பெட்டியிலிருந்து எதை எடுத்துப் பூட்டினார் என்பதற்குச் சீட்டு இல்லை. சொல்வதற்குச் சாட்சி இல்லை. அன்று மாலையே பேருந்து ஏற்றிவிட்டார்கள். பேரிங்கைத் திருடியவன் மூன்று ஆண்டுகள் கழித்து வேறொரு திருட்டில் அகப்பட்டு இதையும் ஒப்புக்கொண்டான். ஆனால் அந்தச் செய்தியைச் சொல்ல ஒருவரும் சங்கரன்கோவில்வரை வரவில்லை. சந்தையில் தற்செயலாகத்தான் அவர் காதில் விழுந்தது.

அதன்பின் அவர் எவரிடமும் வேலை கற்கவில்லை. பழைய புத்தகக் கடையில் கிடைத்த முந்நூறு பக்க ஆங்கிலக் கையேடு ஒன்றை அகராதியோடு வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டுகள் படித்தார். ஓரங்களில் பென்சிலால் தமிழில் பொருள் எழுதினார். ராஜபாளையம் சாலையில் தகரக் கொட்டகை போட்ட நாளிலிருந்து, வந்த ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தாள். தாளில் பதினொரு கட்டங்கள். கழற்றியது என்ன, பூட்டியது என்ன, எண் என்ன, யார் முன்னிலையில் என்று எல்லாம் அதில் உண்டு. பதினொன்றாவது கட்டத்தின் தலைப்பு, ‘பூட்டிய பின் சுற்று’.

பாண்டியராஜனுடைய வண்டியின் தாளில் அந்தப் பதினொன்றாவது கட்டம் காலியாக இருந்தது.

பாண்டியராஜனுக்கு வீடு சங்கரன்கோவிலில். எலுமிச்சை வியாபாரம் புளியங்குடியில். அவரிடம் இரண்டு பிக்கப் வண்டிகள் இருந்தன, ஒன்று பழையது, ஒன்று புதியது. உடம்பு ஒன்று, அச்சு ஒன்று, போல்ட்டின் இடைவெளிகூட ஒன்று. பின்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே இரும்புக் கூண்டுக்குள் இருக்கும் பல்சக்கரத் தொகுதி மட்டும் வேறு. புத்தகத்தில் அதற்கு டிஃபரன்ஷியல் என்று பெயர், பட்டறையில் கிரவுன். பழைய வண்டியில், எஞ்சினிலிருந்து வரும் தண்டு ஐந்து முறைக்குச் சற்று மேல் சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும். புதியதில் நான்கு முறைக்குச் சற்று மேல் சுற்றினாலே போதும். ஐந்து சுற்றுக் கிரவுனுக்கு வேகம் குறைவு. பாரம் இழுக்கும் வலு அதிகம். இறக்கத்தில் எஞ்சினே வண்டியைப் பின்னிருந்து இழுத்துப் பிடிக்கும். நான்கு சுற்றுக் கிரவுன் சமதரையில் பறக்கும், மலையில் திணறும்.

மலையேறிப் புனலூருக்குப் போவது புதிய வண்டி. ஊருக்குள் ஓடுவது பழையது. இரண்டின் கிரவுனையும் மாற்றிப் பூட்டச் சொல்லிப் பிப்ரவரி பதினொன்றாம் தேதி பாண்டியராஜன் இரண்டு வண்டிகளையும் கொண்டுவந்து நிறுத்தினார். அது சரியான யோசனைதான். உச்சிமாகாளி இரண்டையும் இறக்கி, கழுவி, சாக்கின் மேல் அருகருகே வைத்தார். மாற்றிப் பூட்டினார். தண்டின் சுற்றை வைத்துக் கணக்கிடும் வேகமானி புதிய வண்டியில் இனிமேல் கிலோமீட்டரைக் கூட்டிக் காட்டும், ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று பில்லிலேயே எழுதிக் கொடுத்தார். மிச்சமிருந்தது ஒன்றுதான்: வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி, தண்டு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணிப் பதினொன்றாவது கட்டத்தை நிரப்புவது.

“இன்னும் என்னத்தவே எண்ணுதீரு?” என்றார் பாண்டியராஜன். “மாத்தியாச்சுல்லா? அங்கன மார்க்கெட்ல அம்பது மூடை பழம் நிக்கி. எலுமிச்சம்பழம் உமக்காகப் பழுக்காம காத்துக்கிட்டுக் கெடக்குமா?”

ஓட்டுநர் பக்க ஜன்னலுக்குள் கையை விட்டு ஹாரனை அமுக்கியபடியே நின்றார். உச்சிமாகாளி எண்ணாமல் வண்டியை இறக்கிவிட்டார். இருபத்தைந்து வருட வேலையில் அவர் எண்ணாமல் இறக்கிய வண்டி அது ஒன்றுதான்.

மே இருபத்தேழாம் தேதி, புனலூரிலிருந்து அன்னாசிப் பழம் ஏற்றித் திரும்பிய அந்த வண்டி, புளியரை எஸ் வளைவில் பிரேக் பிடிக்காமல் சுவரில் மோதியது. அதிவேகம், கவனக்குறைவு என்று ஓட்டுநர் ஜெபசிங்கின் மேல் வழக்குப் பதிவானது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று பாண்டியராஜன் சொன்னார்: “எல்லாம் அந்த உச்சி மாத்துன கிரவுனால வந்தது.” முதல்நாள் சந்தேகமாகச் சொன்னார். ஒரு வாரத்தில் கண்ணால் கண்டதுபோல் சொன்னார். ஜூன் கடைசியில் பட்டறைக்கு முன்னால் வண்டிகள் நிற்பது அடியோடு குறைந்துபோயிற்று.

கடிதம் வந்த அன்று உச்சிமாகாளியின் மனைவி பொன்செல்வி அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துக்கொண்டு வந்து, கடைசியில் நின்றாள்.

“இது ஏன் வெறுமனே கெடக்கு?”

அவர் காரணத்தைச் சொன்னார்.

“சரி. ஒரு அஞ்சுன்னு எழுதிப் போட்டுட்டா என்ன? வீட்ல பேனா இல்லையா?”

“எண்ணலையே, செல்வி.”

“மாத்தித்தானே பூட்டுனீங்க?”

நாற்பது நாட்களாக அவரை அரித்துக்கொண்டிருந்த கேள்வி அதுதான். சாக்கின் மேல் இரண்டு கிரவுன்களும் கழுவித் துடைத்துப் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. பல்லை எண்ணினாலொழிய வேற்றுமை தெரியாது. ஒருபுறம் பாண்டியராஜனின் ஹாரன். ஒருவேளை எடுத்த கிரவுனை எடுத்த வண்டியிலேயே திரும்பப் பூட்டியிருந்தால்? அப்படியானால் மலைக்குப் போன வண்டியில் நான்கு சுற்றுக் கிரவுன்தான் இருந்திருக்கும். ஐந்து என்று நம்பி ஒருவன் மலையிறங்கியிருப்பான். அவன் கால் முறிந்ததற்குக் காரணம் வேறு எவரும் அல்லர்.

“மாத்தித்தான் பூட்டுனேன்னு நெனைக்கேன்,” என்றார்.

“நெனைக்கேன்னு அங்கன போய்ச் சொல்லாதீங்க. கொன்னுப்போடுவாவ,” என்றாள் பொன்செல்வி. பேனாவைத் தாளின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவர் பேனாவை எடுத்துச் சட்டைப்பையில் செருகினார். கட்டம் காலியாகவே இருந்தது. அதில் ஒரு பொய்யை எழுதினால், மற்றத் தாள்கள் எல்லாவற்றையும் அந்தப் பொய் தின்றுவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை பனவடலிசத்திரத்துக்குப் போனார். ஜெபசிங் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில், கட்டுப்போட்ட வலது காலை ஸ்டூலின் மேல் நீட்டி உட்கார்ந்திருந்தான். முப்பத்து நான்கு வயது. பாண்டியராஜனிடம் ஒன்பது வருடங்களாக ஓட்டுகிறவன். உச்சிமாகாளியைக் கண்டதும் முகம் இறுகியது.

“காலைப் பாக்க வந்தீகளா, கிரவுனைப் பாக்க வந்தீகளா?”

“ரெண்டையும்தான்.”

“கிரவுன் என்கிட்ட இல்ல. கால்ல கம்பி இருக்கு. வேணும்னா கழத்திட்டுப் போங்க.”

உச்சிமாகாளி அதற்குக் கோபப்படவில்லை. தரையில் உட்கார்ந்து, விபத்தன்று இறக்கத்தில் எந்தக் கியரில் வந்தாய் என்று மட்டும் கேட்டார்.

“மூணுதான். எப்பவும் மூணுதானே! நீங்க மாத்திக் கொடுத்த பொறவு, மூணுல போட்டா வண்டி பூனைமாரி எறங்கும்ணே. பிரேக்குல கால் வைக்கவே வேண்டாம். மார்ச்சு, ஏப்ரல், எத்தன நடை, எவ்வளவு பாரம்! அன்னைக்கு மட்டும் நிக்கல. தள்ளிக்கிட்டே வருது. பிரேக்க மிதிச்சேன், மிதிச்சேன், பொகைதான் வந்துது.” ஸ்டூலின் மேலிருந்த காலைப் பார்த்தான். “எஞ்சின் பிடிக்கல. ஏன் பிடிக்கலைன்னுதான் இன்னைக்கு வரைக்கும் தெரியல.”

மார்ச்சிலும் ஏப்ரலிலும் பிடித்த எஞ்சின், மே மாதம் ஏன் பிடிக்கவில்லை?

“அதுக்கு முந்துன நடைகள்ல?”

“ரெண்டு நடை போனேன். ரெண்டு தடவையும் வரும்போது காலி. ஏறும்போது இழுவை கொறவா இருந்துது. முதலாளிகிட்டச் சொன்னேன். டீசல்ல தண்ணி இருக்கும்னாவ.”

“நடை நோட்டு வச்சிருக்கியா?”

இருந்தது. எண்ணெய் மாற்றும் கணக்குக்காக ஒவ்வொரு நடையிலும் புறப்படும்போதும் சேரும்போதும் வேகமானி காட்டும் எண்ணை ஜெபசிங் எழுதுவான். எழுதுவதோடு சரி, ஒன்றிலிருந்து ஒன்றை அவன் கழித்துப் பார்த்ததில்லை. வேறு யாரும் பார்த்ததில்லை. அவன் மனைவி அலமாரியிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தாள்.

உச்சிமாகாளி பேனாவை எடுத்து, ஒவ்வொரு நடையாகக் கழிக்கத் தொடங்கினார். புளியங்குடி மார்க்கெட்டிலிருந்து புனலூர் மார்க்கெட். ஜனவரியில் தொண்ணூற்றிரண்டு கிலோமீட்டர். மறுநடை தொண்ணூற்றிரண்டு. பிப்ரவரி பதினான்கில் நூற்றுப்பதினைந்து. பதினேழில் நூற்றுப்பதினைந்து. சாலை நீளவில்லை, தண்டு கூடுதலாகச் சுற்றியிருக்கிறது. அப்படியானால் மலைக்குப் போன வண்டியில் ஐந்து சுற்றுக் கிரவுன்தான் இருந்திருக்கிறது. அவர் மாற்றித்தான் பூட்டியிருக்கிறார்.

பக்கத்தைத் திருப்பினார். மே பதினெட்டுவரை நூற்றுப்பதினைந்து. மே இருபத்திரண்டில் தொண்ணூற்றிரண்டு.

“பதினெட்டுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவுல வண்டி எங்க நின்னுது?”

“முதலாளிகிட்ட. எங்க கோயில்ல அசன விருந்து. மூணு நாள் லீவு. சோறு பொங்கப் போயிட்டேன்.”

“அந்த மூணு நாள்ல யாரோ கிரவுனைத் திரும்ப மாத்தியிருக்காவ, ஜெபசிங்.”

ஜெபசிங் நோட்டை அவர் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

“முதலாளி எங்கிட்டச் சொல்லாமச் செய்ய மாட்டாவ.”

“நோட்டு சொல்லுதே.”

“ஆஸ்பத்திரியில ராத்திரி பகலா நின்னது அவியதான். என் பிள்ளைக்குப் பேர் வச்சது அவிய. ஒரு நோட்டுல ரெண்டு நம்பர் வித்தியாசம் வந்துட்டுன்னு நான் அவியளைச் சந்தேகப்படவா?”

“ஞாயித்துக்கிழமை நோட்டைக் கொண்டுவா. அது போதும்.”

“அவியகிட்ட ஒரு வார்த்தை கேக்காமத் தரமாட்டேன்.”

கேட்டால் நோட்டு மிஞ்சுமா என்பதை உச்சிமாகாளியால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. எண்களைத் தன் தாளில் பார்த்து எழுதிக்கொண்டார். எழுதும்போதே அதன் மதிப்பும் தெரிந்திருந்தது. அவருக்கு ஆதரவாக, அவர் கையெழுத்தில், அவரே எழுதிய தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை புளியங்குடி சாலை ஸ்டாண்டில் நாற்பது பேருக்குமேல் கூடியிருந்தார்கள். போலீஸ் வேலைகள் முடிந்து வந்த அந்தப் புதிய வண்டி, முகம் நசுங்கி, கோணலாக நின்றது. அன்று பிற்பகலே அதை மதுரைக்கு இழுத்துப்போய் விற்றுவிடப் போவதாகப் பாண்டியராஜன் சொல்லியிருந்தார். இன்று எண்ணாவிட்டால் என்றைக்கும் எண்ண முடியாது. பழைய வண்டி தள்ளி நின்றது. பாண்டியராஜனின் காரிலிருந்து ஊன்றுகோலோடு ஜெபசிங் இறங்கினான். அவன் கையில் நோட்டு இல்லை. உச்சிமாகாளியின் பக்கம் அவன் திரும்பவும் இல்லை.

சங்கத் தலைவர் பரமசிவன் கண்ணாடியை மாட்டினார். “சொல்லுவே, உச்சி.”

“சொல்லுததுக்கு முன்னால எண்ணிப் பாத்துருவோம், அண்ணாச்சி. கூண்டைப் பிரிக்க வேண்டாம். எல்லாரும் கண்ணால பாக்கலாம். நான் பூட்டுனது அஞ்சு சுத்துக் கிரவுன்.”

பின்சக்கரங்கள் இரண்டையும் ஜாக்கி வைத்துத் தூக்கினார். வலது டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, அடியிலுள்ள தண்டில் ஒரு கோடு. சங்கத்து ஆள் ஒருவரைத் தண்டைப் பார்த்து எண்ணும்படி கீழே படுக்கச் சொன்னார். வலது சக்கரத்தை மெதுவாகச் சுற்றினார்.

“ஒண்ணு… ரெண்டு…” கீழிருந்து குரல் வந்தது. டயரின் கோடு தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றது. “ரெண்டும் ஒரு நூல் அளவும்!”

கூட்டம் சிரித்தது. “அஞ்சுன்னாரு, ரெண்டுதான வருது!” என்றது ஒரு குரல். “மீதி மூணை வீட்ல மறந்து வச்சிட்டு வந்துட்டாரு போல.”

உச்சிமாகாளியின் காதில் சிரிப்பு விழவில்லை. இரண்டு எப்படி வரும்? குனிந்து இடது சக்கரத்தைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. மோதிய வேகத்தில் இடது பக்க டிரம் நசுங்கிப் பூட்டிக்கொண்டிருந்தது.

“ஒரு சக்கரம் பூட்டிக் கெடந்தா மத்த சக்கரம் ரெட்டிப்பாச் சுத்தும், அண்ணாச்சி. கிரவுனோட வேலையே அதுதான். அப்ப ஒரு சக்கரத்தை ரெண்டு சுத்துச் சுத்துனாத்தான் முழுக்கணக்கு.”

“கேட்டீயளா?” என்றார் பாண்டியராஜன். “இப்ப ரெண்டு சுத்துவாரு. அது பத்தலைன்னா மூணு சுத்துவாரு. அஞ்சு வாறவரைக்கும் சுத்திக்கிட்டே இருப்பாரு. தேர் இழுக்க ஆள் பத்தலைன்னா இவரைக் கூப்பிடலாம்.”

உச்சிமாகாளி பழைய வண்டியிடம் போனார். அதன் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி ஒருமுறை சுற்றினார். தண்டு இரண்டரை சுற்றியது. இரண்டு சக்கரங்களையும் தூக்கி, இரண்டு பேரை விட்டு இரண்டையும் சேர்த்து ஒருமுறை சுற்றச் சொன்னார். ஐந்துக்குச் சற்று மேல். சிரிப்பு அடங்கியது. ஓட்டுநர்கள் சிலர் தாமாகவே கிட்ட வந்து குனிந்தார்கள்.

“இப்ப மோதுன வண்டியை ரெண்டு சுத்துப் பாருங்க,” என்றார்.

கீழே படுத்திருந்தவர் உரக்க எண்ணினார். இப்போது கூட்டமும் சேர்ந்து எண்ணியது. “ஒண்ணு… ரெண்டு… மூணு… நாலு…” கோடு வந்து நின்றது. “நாலும் ஒரு நூலும்.”

“ஆகவே,” என்றார் உச்சிமாகாளி, “இதுல இருக்கது நான் பூட்டுனது இல்ல. எனக்குப் பொறவு யாரோ திரும்ப மாத்தியிருக்காவ.”

பாண்டியராஜன் அதற்காகவே காத்திருந்தவர்போல் ஓரடி முன்னால் வந்தார். “இல்லைன்னா நீரு மாத்தவே இல்ல. இதுலது இதுலயே, அதுலது அதுலயே. மாத்துனேன்னு சொல்லி என்னை ஏமாத்தியிருக்கீரு. பூட்டுன பொறவு எண்ணுனீரா? உம்ம தாளு எங்க? காட்டும்.”

பரமசிவன் கையை நீட்டினார். உச்சிமாகாளி தாளைக் கொடுத்தார். தலைவரின் விரல் ஒவ்வொரு கட்டமாக இறங்கிக் கடைசியில் நின்றது.

“இது காலியா இருக்கே.”

“ஆமா, அண்ணாச்சி. எண்ணல.”

“ஏன்?”

முதலாளி ஹாரன் அடித்தார் என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால் ஜாக்கியை இறக்கிய கை அவருடையது. “எண்ணியிருக்கணும். எண்ணாம இறக்கிட்டேன்.”

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அவர் தான் பார்த்தெழுதிய எண்களை எடுத்துக் கொடுத்தார். பரமசிவன் அதைப் பார்த்துவிட்டு, “இது உம்ம கையெழுத்துல்லா?” என்றார். பாண்டியராஜன் சிரித்தார். ஊரில் நாற்பது பேருக்கு நடுவே, இருபத்தேழு வருடங்களுக்கு முன் கோவில்பட்டிப் பேருந்தில் ஏறியபோது இருந்ததுபோல் உச்சிமாகாளிக்குக் காது அடைத்துக்கொண்டது.

“முதலாளி.”

ஜெபசிங் ஊன்றுகோலில் சாய்ந்து நின்றிருந்தான். சட்டையின் கீழ்ப் பொத்தானைக் கழற்றி, வயிற்றோடு செருகியிருந்த நோட்டை வெளியே எடுத்தான். வேர்வையில் அட்டை ஊறியிருந்தது.

“வெள்ளிக்கிழமையே உங்ககிட்டக் கேக்கணும்னு நெனைச்சேன். கேக்கல. எண்ணிப் பாத்தா அஞ்சு வந்துரும், நான் கேக்கவே வேண்டாம்னு நெனைச்சேன். நாலு வந்துட்டு.” நோட்டைப் பரமசிவனிடம் நீட்டினான். “அண்ணாச்சி, இது என் கையெழுத்து. விபத்துக்கு முன்னால எழுதுனது. கழிச்சுப் பாருங்க.”

பரமசிவன் கழித்தார். பொறுமையாக, ஒவ்வொரு நடையாக, வாய்விட்டுக் கழித்தார். தொண்ணூற்றிரண்டு, நூற்றுப்பதினைந்து என்று எண்கள் மாறுவதையும், மே மாதம் மீண்டும் தொண்ணூற்றிரண்டுக்குத் திரும்புவதையும் கூட்டம் கேட்டுக்கொண்டிருந்தது. எல்லாரும் வண்டி ஓட்டுகிறவர்கள். அந்தச் சாலையின் தூரம் அவர்களுக்குத் தெரியும்.

“அசனத்துக்குப் போன மூணு நாள்லயா, முதலாளி?” என்றான் ஜெபசிங்.

பாண்டியராஜன் நசுங்கிய வண்டியைப் பார்த்தார். “சமதரையில வண்டி அறுவதுக்குமேல போகமாட்டேன்னுட்டுலே. ஏலத்துக்கு முந்திப் போய்ச் சேர முடியல. ரெண்டு நாள் பழம் கெட்டுது. அதான் வெளியூர்ல கொடுத்து மாத்துனேன். அதுல என்ன இருக்கு? போல்ட்டெல்லாம் ஒண்ணுதான!”

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டாங் கியர் போட்டிருப்பேனே.”

இரண்டாங் கியர் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அங்கிருந்த ஒவ்வோர் ஓட்டுநரின் வலது காலுக்கும் தெரிந்திருந்தது.

பரமசிவன் நோட்டை மூடினார். “உச்சி மேல குத்தம் இல்ல. வண்டிகள் எப்பவும்போலப் போகலாம். அவ்வளவுதான், கலையலாம்.”

“எழுத்துல வேணும், அண்ணாச்சி,” என்றார் உச்சிமாகாளி. “கடிதம் எழுத்துலதானே வந்தது.”

சங்கத்துத் தாளில் பரமசிவன் எழுதினார். உச்சிமாகாளி பூட்டிய கிரவுனுக்கும் விபத்துக்கும் தொடர்பு இல்லை என்பது கண்டறியப்பட்டது. முத்திரை குத்தி நீட்டினார். உச்சிமாகாளி வாங்கவில்லை.

“இன்னொரு வரி வேணும். ஓட்டுநருக்குத் தெரிவிக்காம கிரவுன் மாத்தப்பட்டதுன்னு. அவன்மேல கேஸ் இருக்கு.”

“வே!” பாண்டியராஜன் கையை உயர்த்தினார். “உம்ம பேரு சுத்தமாயிட்டுல்லா? வாங்கிட்டுப் போமே. அவனை நான் பாத்துக்கிடுதேன். ஒன்பது வருசமாப் பாக்கல?”

“பாத்துக்கிடுங்க. வரியும் இருக்கட்டும்.”

“அப்ப இவரு எண்ணாம விட்டதையும் அதே தாள்ல எழுதணும்!” என்றார் பாண்டியராஜன். “அது இல்லாம, புகார் சொன்னவன்னு நான் கையெழுத்துப் போடமாட்டேன். ஊர்பூராவும் காட்டிக்கிட்டு நடக்கட்டும்.”

பரமசிவன் உச்சிமாகாளியைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லச் சொல்லும் பார்வை அது. முதல் வரியோடு வாங்கிக்கொண்டால், இருபத்தேழு வருடங்களாக வராமல்போன தாள் ஒன்று, ஒரு கறையும் இல்லாமல், இப்போதே கைக்கு வரும். ஜெபசிங் ஊன்றுகோலை மற்றொரு கைக்கு மாற்றினான். நின்று நின்று அவன் இடது கால் நடுங்கியது.

“எழுதுங்க, அண்ணாச்சி,” என்றார் உச்சிமாகாளி. “எண்ணாதது நெசம்தான்.”

மூன்று வரிகளும் ஒரே தாளில் ஏறின. பாண்டியராஜன் இரண்டாவது வரியை இருமுறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். பேனாவை மூடாமலேயே பெஞ்சின்மேல் போட்டுவிட்டுக் காரை நோக்கி நடந்தார். ஜெபசிங்கை ஏற்றிக்கொள்ள அவர் நிற்கவில்லை.

எதிர்க்கடையில் இரண்டு நகல்கள் எடுத்துக்கொண்டு உச்சிமாகாளி திரும்பி வந்தார். ஒன்றை ஜெபசிங்கிடம் கொடுத்தார். அவன் அதை வெயிலில் பிடித்து, ஓட்டுநர் என்ற சொல் எங்கே இருக்கிறது என்று விரலால் தேடினான். கண்டுபிடித்து, அந்த வரியை மட்டும் மெல்ல உரக்கப் படித்தான். பிறகு, “என் லைசென்ஸ் நம்பரையும் போட்டிருக்கலாமோ?” என்றான்.

“போடலாம்,” என்றார் உச்சிமாகாளி. பரமசிவன் எழுந்து செருப்பை மாட்டுவதற்குள் அவரை நிறுத்த, தாளோடு பெஞ்சை நோக்கி விரைந்தார்.